இடப்பக்கம் இரண்டு அடியா, மூன்று அடியா?

போன மாதம் பாரிஸில் ரூ லூயி-பிளாங் தெருவில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது கடைக்காரர் ஞானம் அண்ணை கேட்டார்: "சிவநேசன், கதவைத் திறக்கிறதும் பூட்டுறதும்தானே உன்ர வேலை. அதுக்கே இருபத்திரண்டு வருசம் சம்பளம் தந்தவங்கள்?"

பக்கத்து மேசைக்காரரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பதில் உடனே வருவதில்லை. அது திரான்சியில் என் வீடு வரைக்கும் என்னோடு ரயிலில் வந்து, படியேறி, நான் சப்பாத்தைக் கழற்றிய பிறகுதான் வாய்க்கு வரும். அதனால் எழுதுகிறேன். நான் காவல் பார்த்த மண்டபத்துக்கு இப்போது காவலாளியே கிடையாது. கைபேசிக்கு ஒரு எண் வருகிறதாம், அதை அழுத்தினால் கதவு திறக்கிறதாம். நல்லது. ஆனால் அந்த எண் பல்கேரியரைச் சமாளித்திருக்காது.

பிரான்சுக்கு வந்து முதல் பதினொரு வருசம் கோப்பை கழுவினேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. கோப்பைகள் ஊத்தையாக வந்தன, சுத்தமாகப் போயின. பிறகு மேரியில் வேலை கிடைத்தது. நகரசபையைத்தான் இங்கே மேரி என்பார்கள். ஊரிலிருந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, "மேரியிட்டை நிரந்தர வேலை கிடைச்சிருக்கம்மா" என்றேன்.  அம்மா குரலைத் தாழ்த்தி, "உன்ர மனிசிக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் ஒரு பொது மண்டபம். அதற்கு நான் காவலாளி. எனக்கு மேலதிகாரி அமல்நாதன். முசியே அமல்நாதன் என்றுதான் எல்லாரும் மரியாதையாகச் சொல்வார்கள். புதுச்சேரிக்காரர், பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடியுரிமை, சேர்ச்சுக்குப் போகும் உடுப்போடேயே வேலைக்கும் வருவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பேனாவின் மூடியைக் கழற்றுவார். அதிகம் கோபம் வந்தால் திரும்பப் பூட்டுவார். பூட்டினால் கடிதம் வரும் என்று அர்த்தம்.

"இங்க பாருங்க சிவநேசன்," என்று முதல் நாளே சொன்னார், "மனுஷங்களுக்குள்ள சண்டை வரும். நீங்க அதுல போகக்கூடாது. உங்களுக்கும் அவங்களுக்கும் நடுவுல ரெக்லமான்னு ஒண்ணு இருக்கு. அதைக் காட்டுங்க, போதும்."

ரெக்லமான் என்றால் விதிமுறைப் பத்திரம். கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருந்தது. அதை எங்கள் இரண்டு பேரையும் தவிர ஒருவரும் வாசித்ததில்லை.

வேலை இதுதான். ஒரு மணி நேரம் முன்னதாகப் போகவேண்டும். அவசரக் கதவுகள் மூன்றையும் இடுப்பால் தள்ளிப் பார்க்கவேண்டும். கையால் தள்ளக்கூடாது, நெருப்புப் பிடித்தால் சனம் கையால் தள்ளாது என்பார் அமல்நாதன். கதிரைகளைப் பத்துப் பத்தாக அடுக்கவேண்டும். எல்லாரும் போனபிறகு விளக்கை அணைத்துவிட்டு, நிலத்தோடு நிலமாகக் குனிந்து டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும். நேராக நின்று பார்த்தால் பலகை நிலம் எப்போதும் நல்லாய்த்தான் தெரியும். கன்னம் நிலத்தில் படுமளவுக்குக் குனிந்தால்தான் எந்தக் குதிக்கால் எங்கே கீறியது என்று தெரியும். அமல்நாதன் சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை விரித்து அதில் முழங்கால் வைத்து எனக்கு அதைச் செய்து காட்டினார்.

சனிக்கிழமைகளில் பெரும்பாலும் எங்கட சனம்: பிறந்தநாள், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்திய வீடு. நாலு மணிக்கு என்று எழுதிக் கொடுத்தால் ஏழு மணிக்கு வருவார்கள். ஞாயிறு பின்னேரம் பல்கேரியர். நாலு மணிக்கு என்று எழுதிக் கொடுத்தால் மூன்றரைக்கு வருவார்கள், பிறகு போகமாட்டார்கள்.

அவர்கள் ஆடுவது ஹோரோ. சோடி சோடியாக ஆடுவதில்லை. கைகோத்து ஒரு நீண்ட வரிசை, முன்னுக்கு நிற்பவர் ஒரு கைலேஞ்சியைச் சுழற்றிக்கொண்டு வரிசையை இழுத்துப் போவார். புதிதாக வருபவர் வாலில்தான் சேரவேண்டும், நடுவில் வெட்டிப் புகக்கூடாது. முன்னுக்கு நிற்பது ஸ்தோயான் என்ற மேசன். சுவர் மாதிரி ஆள், ஆனால் ஆடும்போது நிலம் அவரைச் சுமக்கவில்லை என்று சத்தியம் செய்யலாம். முதல் மாதம் நான் அவர்களைப் பொழுதுபோக்குக்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகுதான் கவனித்தேன், ஆடிக்கொண்டே கதைப்பார்கள். ஒரு ஞாயிறு, அன்று காலையில்தான் வந்து இறங்கிய ஒரு மனிதர் பையை மூலையில் வைத்துவிட்டு வாலில் சேர்ந்தார். இரண்டாவது ஆட்டம் முடியும்போது அவருக்குக் கூசேன்வில் என்ற புறநகரில் படுக்க ஒரு அறை கிடைத்துவிட்டது. நாலாவது ஆட்டத்தில் திங்கட்கிழமை வேலை. எனக்கு இதே இரண்டுக்கும் ஏழு மாதம் எடுத்தது.

வாத்தியக்காரர் கிரில், ஒல்லியான மனிதர், கிழமை நாட்களில் ஆஸ்பத்திரியில் நிலம் துடைப்பவர். அவருடைய வாத்தியம் கைடா. முழு ஆட்டுத்தோலைப் பையாகத் தைத்து, குழல் செருகி, கக்கத்தில் வைத்து அமத்தி ஊதவேண்டும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டபோது நான் மூன்று அவசரக் கதவையும் திறந்துவிட்டேன்.

மண்டபச் சுவரில் ஒரு பெட்டி இருந்தது. சத்தம் அளவுக்கு மேலே போனால் பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி, மேடைக்குப் போகும் மின்சாரத்தைத் தானாக நிறுத்திவிடும். எங்கட சாமத்திய வீடுகளில் அந்தப் பெட்டியோடு சண்டை பிடிக்காத டி.ஜே. இல்லை. ஒரு ஞாயிறு அமல்நாதன் சோதனைக்கு வந்தார். கிரில் ஊதினார். பெட்டி சிவப்பானது. மின்சாரம் நின்றது. மேடையில் கொதித்துக்கொண்டிருந்த தேத்தண்ணிப் பாத்திரம் அடங்கியது. கைடா அடங்கவில்லை.

அமல்நாதன் பெட்டியைப் பார்த்தார். கிரிலைச் சுற்றி ஒருமுறை நடந்து வயர் தேடினார். வாசலுக்குப் போய்ப் பத்திரத்தின் ஒன்பதாம் பிரிவை வாசித்தார். அதில் "மின்கருவிகளின் சத்தம்" என்று இருந்தது. பேனா மூடியைக் கழற்றினார், பூட்டினார், திரும்பக் கழற்றினார். கடைசியில் என் காதருகே வந்து, "சிவநேசன், இந்த ஆட்டுக்கு பிளக் இல்ல. நாம ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இனிச் சொல்லப்போவது அந்த வேலையில் எனக்கு வந்த பெரிய சோதனை.

ஆட்டக்காரரில் மூன்றில் ஒரு பங்கு பிரெஞ்சுக்காரர். ஓய்வுபெற்ற ஆசிரியைகள், தபால்கந்தோர்க்காரர், பல் வைத்தியர் ஒருவர். அவர்களுக்குத் தலைவி மதாம் கோலெத். பூகோளம் படிப்பித்தவர். இளவயதிலிருந்து ஒவ்வொரு கோடையும் பல்கேரியாவுக்குப் போய் ஊர் ஊராக ஆட்டம் பார்த்து ஒரு தடித்த கொப்பியில் எழுதி வைத்திருந்தார். சங்கத்தின் பதிவு, காப்புறுதி, மண்டபக் கையெழுத்து எல்லாம் அவர் பெயரில். பல்கேரியருக்கு அது வசதி. கடதாசி என்றால் அவர்களுக்கும் எங்களைப் போலத்தான். "விரைவு, விரைவு, மெது" என்று மதாம் கைதட்டி ஏழு எண்ணுவார். எங்கட கோயில் தவில்காரர் விரல் மடக்கி எண்ணுகிற அதே ஏழு.

அன்று ஸ்தோயான் தன் சொந்த ஊர் ஆட்டம் ஒன்றைத் தொடங்கினார். பாதியில் மதாம் கைதட்டி நிறுத்தினார். அவர்கள் பேசியது பிரெஞ்சுதான், எனக்கு நினைவில் நிற்பது எங்கட தமிழில்.

"ஸ்தோயான், இடப்பக்கம் மூண்டு அடி. நீங்கள் ரெண்டு வைக்கிறியள்."

"ரெண்டுதான் மதாம்."

"மூண்டு. மூண்டாவது சின்ன அடி, உடம்பு கொஞ்சம் சாயும். அதுதான் அந்த ஊர் ஆட்டத்தின்ர வடிவு."

"மதாம், அது என்ர ஊர்."

"தெரியும். நான் அங்கை போய்ப் பாத்து எழுதினனான்."

"ஆரைப் பாத்து?"

மதாம் கொப்பியைப் புரட்டி, கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். "மெத்தோடி எண்ட பெரியவர். முன்னுக்கு நிண்டு ஆடினவர்."

 ஸ்தோயான் மற்றப் பல்கேரியர் பக்கம் திரும்பி ஒரே ஒரு வசனம் சொன்னார். சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி மண்டபம் முழுக்கப் போனது. கிரில் சிரிப்பதற்காகக் குழலை வாயிலிருந்து எடுத்தார். கக்கத்திலிருந்த பை தன்பாட்டில் ஒரு நீண்ட அழுகை அழுது ஓய்ந்தது.

"மதாம்," என்றார் ஸ்தோயான், கண்ணைத் துடைத்தபடி, "மெத்தோடிக் கிழவனுக்கு ஒரு கால் மற்றதைவிடக் கட்டை. அந்த மூண்டாவது அடி ஆட்டமில்லை. விழாமல் நிக்கிறதுக்கு வைச்சது."

எனக்கும் சிரிப்பு வந்தது, மறைக்கமாட்டேன். ஆனால் மதாம் கோலெத்தின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவர் அந்த மூன்றாவது அடியை லியோன், நாந்த் என்று போய்ப் பயிற்சி வகுப்பு வைத்துப் படிப்பித்திருக்கிறார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் ஒரு கிழவரின் நொண்டலை வலு கவனமாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கொப்பியை மூடினார், மேல்கோட்டைப் பித்தான் மாறிப் பூட்டிக்கொண்டார், வெளியே போனார். பதினைந்து பிரெஞ்சுக்காரரும் பின்னாலே போனார்கள். பல் வைத்தியர் மட்டும் வாசலில் நின்று இரு பக்கமும் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த கிழமை அமல்நாதனின் மேசையில் இரண்டு கடிதம். அதே மண்டபம், அதே ஞாயிறு, அதே நேரம். ஒன்று மதாம் கோலெத்திடமிருந்து, மற்றது ஸ்தோயானிடமிருந்து. அவர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, ஓரம் நேராக இருக்கும்படி விரலால் தள்ளினார்.

"ஞாயித்துக்கிழமை பெரிய ஹாலுக்கு குறைஞ்சது நாப்பது பேர் ஆடணும். அந்தம்மாகிட்ட பதினஞ்சு பேர். இவர்கிட்ட முப்பது பேர், ஆனா சங்கமும் இல்ல, காப்புறுதியும் இல்ல. தனித்தனியா ரெண்டு பேருக்கும் கிடையாது. சூம்பா டான்ஸ்காரங்க ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க. ரெண்டு வாரம் டைம். ஒரு சங்கம், ஒரு கையெழுத்து, நாப்பது பேர். நானே வந்து எண்ணுவேன்."

"ஐயா, நான் ஒருக்கா அவையோடை கதைச்சுப் பாக்கட்டோ?"

"நீங்க போகக்கூடாது. சொல்லியிருக்கேன்."

பேனா மூடி பூட்டப்பட்டது. நான் வாசலுக்குப் போனேன்.

முதல் ஞாயிறு மண்டபம் வெறுமையாகக் கிடந்தது. இரண்டு பல்கேரியப் பெண்கள் சேதி தெரியாமல் ஊருக்கு அனுப்பும் பொதிகளோடு வந்து, அரை மணி நேரம் கதிரையில் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அவர்களுக்குப் பொதி அனுப்பும் இடமும் அதுதான். அன்று விளக்கை அணைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

அதனால் பொய் சொன்னேன். மதாம் கோலெத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஸ்தோயான் மன்னிப்புக் கேட்க விரும்புகிறார் என்றேன். ஸ்தோயானுக்கு எடுத்து, மதாம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறார் என்றேன். இரண்டு பேரையும் ஞாயிறு இரண்டு மணிக்கு வரச் சொன்னேன். அவரவர் ஆட்களைத் தனித்தனியாக மூன்றரைக்கு வரச் சொல்லச் சொன்னேன். அமல்நாதன் நாலு மணிக்கு வருவார். மனதுக்குள் கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இரண்டு பேரும் வந்தார்கள். ஆளுக்கொரு கதிரையில் இருந்தார்கள். பெரிய மனதோடு, முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்போடு, மற்றவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். பத்து நிமிசம் போனது. நான் ஏற்கனவே அடுக்கிய கதிரைகளைத் திரும்ப அடுக்கினேன்.

"சிவா," என்றார் ஸ்தோயான் கடைசியில், "மதாம் ஏதோ சொல்லவேணும் எண்டாய்."

"நானோ?" என்றார் மதாம். "முசியே சிவா, இவர்தானே சொல்லவேணும் எண்டியள்?"

இரண்டு தலையும் ஒன்றாக என் பக்கம் திரும்பின. இரண்டு கிழமைக்குப் பிறகு அவர்கள் ஒற்றுமையாகச் செய்த முதல் காரியம் அது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். அன்று அந்தச் சொல்லைச் சொன்னது நான் மட்டும்தான்.

ஸ்தோயான் எழும்பினார். மதாம், "இருங்கோ," என்றார். ஸ்தோயான் மன்னிப்புக் கேட்ட பிறகு காட்டுவோம் என்று பைக்குள் மடிக்கணினி கொண்டுவந்திருந்தாராம். "வந்ததுக்கு இதைப் பாத்திட்டுப் போங்கோ. நான் கனவு கண்டு எழுதேல்லை."

பழைய கசெற்றிலிருந்து மாற்றிய படம். காற்று இரைச்சல். ஒரு வயல்வெளி, நீட்டு மேசைகள், கலியாணக் கூட்டம். முன்னுக்கு ஒரு கிழவர், கையில் கைலேஞ்சி. வரிசை வந்தது. வலப்பக்கம், வலப்பக்கம், பிறகு இடப்பக்கம்: ஒன்று, இரண்டு, ஒரு சின்ன மூன்று.

"பார், பார், காலைப் பார்!" ஸ்தோயான் தொடையில் தட்டிச் சிரித்தார். உடனே நிறுத்தினார். கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

கிழவருக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக, பச்சைத் தலைத்துணி கட்டிய ஒரு பெண். அவரும் மூன்றாவது அடி வைத்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும். அந்த வரிசை முழுக்க, நல்ல கால் உள்ள அத்தனை பேரும், கிழவர் சாய்ந்தபோது சாய்ந்தார்கள். அந்தப் பெண் சாயும்போதெல்லாம் சிரித்தார்.

"அது என்ர அம்மா," என்றார் ஸ்தோயான்.

மதாம் படத்தை நிறுத்தப் போனார். "நிப்பாட்டாதேங்கோ," என்றார் ஸ்தோயான். பிறகு, "நான் அந்த வருசம் ராணுவத்திலை. மெத்தோடியின்ர பேத்தியின்ர கலியாணம். அம்மாவின்ர படம் ஒண்டு வீட்டிலை இருக்கு. அசையிற படம் இல்லை."

"அவவோ உங்கட அம்மா?" மதாமின் குரல் மாறிவிட்டது. "எனக்கு ஒரு வாளி தக்காளி தந்தவ. வேண்டாம் எண்டாலும் விடேல்லை. நான் ரெயில் முழுக்கச் சனத்துக்குக் குடுத்துக்கொண்டு வந்தனான்."

"எல்லாருக்கும் குடுப்பா," என்றார் ஸ்தோயான். மூக்கை உறிஞ்சினார். "பேத்தியின்ர கலியாணத்திலை கிழவன் முன்னுக்கு நிண்டால், எல்லாரும் அவர் மாதிரித்தான் ஆடவேணும். அவர் விழுந்தால் நாங்களும் விழவேணும். அதுதான் ஹோரோ."

"அப்ப மூண்டு சரி."

"அண்டைக்கு மூண்டு."

"மற்ற நாளிலை?"

"ரெண்டு."

மதாம் கொப்பியை எடுத்து இரண்டையும் எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பிவிடுறன்," என்றார். ஸ்தோயான் சட்டைப்பைக்குள்ளிருந்து சிவப்புக் கைலேஞ்சியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"இண்டைக்கு நீங்கள் முன்னுக்கு நில்லுங்கோ."

மூன்றரைக்கு இரண்டு கூட்டமும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டன. உள்ளே மதாம் முன்னுக்கும் ஸ்தோயான் அடுத்ததாகவும் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்டதும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பல் வைத்தியர்தான் முதலில் ஓடிப்போய் வாலில் சேர்ந்தார்.

நாலு மணிக்கு அமல்நாதன் வந்தார், கையில் படிவத்தோடு. வரிசை நீண்டு, இடம் போதாமல், நுளம்புக்குக் கொளுத்தும் சுருள் மாதிரி உள்ளுக்குள் சுருண்டு, உள்சுற்று ஒருபக்கமும் வெளிச்சுற்று ஒருபக்கமும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எண்ணினார். முப்பத்தெட்டு. திரும்ப எண்ணினார். நாற்பத்தாறு. மூன்றாம் தரம் முப்பத்தொன்பது.

"சிவநேசன், நிறுத்தச் சொல்லுங்க."

நான் கிரிலிடம் போனேன். அவர் ஊதிக்கொண்டே கண்ணால் மதாமைக் காட்டினார். முன்னுக்கு நிற்பவர் நிறுத்தினால்தான் நிற்கும். மதாமைப் பார்த்தேன். அவர் அன்றைக்கு நிறுத்துகிற எண்ணத்தில் இல்லை.

"அப்ப ஒண்ணு பண்ணுங்க," என்றார் அமல்நாதன். "நீங்க போய் கடைசியில நில்லுங்க. உங்க நீல யூனிபார்ம் தெரியும். அந்தம்மாகிட்ட ஆரம்பிச்சு உங்ககிட்ட முடிக்கிறேன்."

கடமை என்றுதான் போனேன். வாலில் நின்ற ஆசிரியை ஒருவர் என் வலக்கையை இறுக்கிப் பிடித்தார். இடப்பக்கம் எத்தனை அடி என்று காலைப் பார்த்தேன். மூன்று. அமல்நாதன் எண்ணிக்கொண்டு வந்தார், இருபத்தொன்று, இருபத்திரண்டு. அதற்குள் பிந்தி வந்த யாரோ ஒருவர் என் இடக்கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையை இன்னொருவர். நான் வால் இல்லை என்றாகிவிட்டது.

சுருள் சுற்றி அமல்நாதன் பக்கம் வந்தது.

"நாப்பத்தேழு!" என்றார். "உங்களையும் சேர்த்து எண்ணிட்டேனா?"

பதில் சொல்லுமுன் வரிசை என்னை இழுத்துப் போய்விட்டது. அடுத்த சுற்றில், "என்னைச் சேக்கக்கூடாது, ஐயா!" என்றேன்.

அதற்கடுத்த சுற்றில், "அந்தம்மாகிட்ட போன்ல பொய் சொன்னீங்களாமே?" என்று கேட்டார். மதாமிடம் கேட்டறிந்த பல் வைத்தியர் ஆடிக்கொண்டே சொல்லியிருக்கவேண்டும். திரும்பவும் இழுபட்டுப் போனேன். அந்த ஒரு சுற்று எனக்கு ஒரு வருசம் போல இருந்தது. வரும்போது அவர் பேனா மூடியைப் பார்த்தேன். கழன்றிருந்தது.

"ஓம், ஐயா!"

அவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதினார். அடுத்த தரம் நான் வந்தபோது, "நான் கேக்கல. நீங்க சொல்லல," என்றார். படிவத்தைத் தூக்கிக் காட்டினார். ஆட்டக்காரர் எண்ணிக்கை என்ற இடத்தில், வாழ்க்கையில் ஒருநாளும் குத்துமதிப்பாக எதுவும் எழுதாத அந்த மனிதர், "நாற்பதுக்கு மேல்" என்று எழுதியிருந்தார்.

"சாட்சி கையெழுத்து போடுங்க, சிவநேசன்!"

"கை இல்லை, ஐயா!" என்றேன்.

அவர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு ஒரு கை திரும்பக் கிடைக்க இருபது நிமிசம் எடுத்தது.